உப்பு என்னும் பாடம்: மதுரைச் சமவெளியில் நாவிலிருந்து சோதனைக்குழாய் வரை

மதுரைக்கு வடகிழக்கே, அழகர்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், சமணத் துறவியர்க்கு உறைவிடம் அமைக்கக் கொடை தந்தவர்களின் பெயர்களைத் தொழிலோடு சேர்த்துப் பதிவு செய்துள்ளன. பொற்கொல்லனும் கொழு வாணிகனும் நிற்கும் அந்த வரிசையில் மதுரையைச் சேர்ந்த உப்பு வாணிகன் ஒருவனும் நிற்கிறான். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. முதல் நூற்றாண்டுக்கு உரியவை என்று கணித்தார். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டித் தொடராக உள்நாட்டுக்குக் கொண்டுவந்த உமணர்களைச் சங்கப் பாடல்கள் பலமுறை காட்டுவதால், உப்பு இல்லாத ஊருக்கு உப்பைச் சேர்ப்பது ஒரு தனித்தொழிலாகவே அந்நாளில் வளர்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை. அந்த வாணிகனுக்கும் அவனிடம் வாங்கியவர்களுக்கும் உப்பு என்பது ஒரு சுவை. நாவில் பட்டால் தெரிவது. இன்று அதே மதுரையின் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு உப்பு என்பது அமிலமும் காரமும் வினைபுரிந்து நீருடன் விளையும் சேர்மம். அதற்குச் சுவை இருந்தாக வேண்டும் என்பதில்லை, இருந்தாலும் சுவைத்துப் பார்க்க அனுமதியில்லை. ஒரே சொல் இவ்வளவு தூரம் நகர்ந்த கதையைப் பாடநூல் எங்கும் சொல்வதில்லை. உப்புகள் என்ற பாடம் மாணவரைத் திணறடிப்பதற்கு அந்த மௌனமே முதற்காரணம் என்று கருத இடமுண்டு.

பள்ளி வேதியியல் வருவதற்கு முன்பு இச்சமவெளியில் பல உப்புகள் பெயரோடும் விலையோடும் புழங்கின. சோற்றுக்குரியது கறியுப்பு. மலைநாட்டுச் சுரங்கங்களிலிருந்து வந்த பாறையுப்பு இந்துப்பு. வாணத்துக்கும் வெடிமருந்துக்கும் உரியதும், இன்று பொட்டாசியம் நைட்ரேட்டு எனப்படுவதும் வெடியுப்பு. தட்டான் பற்றவைக்கப் பயன்படுத்திய வெங்காரம், ஈயம் பூசுபவன் பாத்திரத்தின்மேல் தேய்த்த நவச்சாரம், நாவிதர் கன்னத்தில் தடவிய படிகாரம், புண்ணுக்கும் பயிர்நோய்க்கும் உதவிய நீலநிற மயில்துத்தம், சோகைக்குத் தரும் மருந்துகளில் சேர்ந்த பச்சைநிற அன்னபேதி, வயிற்றைக் கழுவக் கொடுத்த பேதியுப்பு ஆகியவை யாவும் இன்றைய பாடநூலின் கணக்கில் உப்புகளே. முறையே சோடியம் போரேட்டு, அம்மோனியம் குளோரைடு, பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டு, தாமிர சல்பேட்டு, இரும்பு சல்பேட்டு, மக்னீசியம் சல்பேட்டு. சித்த மருத்துவம் இவற்றில் பலவற்றைக் காரசாரங்கள் என்ற வகுப்பில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சுத்தி செய்யும் முறையையும் வகுத்தது. நீரில் கரைத்து வடிகட்டுதல், காய்ச்சி உறைய விடுதல், வெண்ணெய்ப் பதம் வரும்வரை கிளறுதல் போன்ற அம்முறைகளில் பெரும்பாலானவை, மீள்படிகமாக்கல் என்று ஆய்வகம் பின்னர் கற்றுத்தந்த செயலின் முன்வடிவங்கள். பெயரைக் கேட்டு எடைபோட்டுத் தரும் நாட்டுமருந்துக் கடைக்காரருக்கு அவற்றின் வாய்பாடு தெரியாமல் இருக்கலாம். ஆயினும் ஈரத்தில் கசிவது எது, காற்றில் பூத்து உதிர்வது எது என்பதில் அவர் தவறுவதில்லை. கசிவதையும் பூப்பதையும் முறையே ஈரம் கவர்ந்து கரைதல், படிகநீர் இழத்தல் என்று வகுப்பறை பெயர் மாற்றிச் சொல்கிறது.

பழைய பெயர்களில் குழப்பமே இல்லை என்று கொள்வது நியாயமாகாது. படிகாரத்துக்குச் சீனக்காரம் என்றொரு பெயரும் உண்டு. அப்பளத்தைப் பொரிய வைப்பது அப்பளக்காரம். பொற்கொல்லன் கையில் இருப்பது வெங்காரம். மூன்றுமே காரம் என்று முடிகின்றன. ஆனால் அப்பளக்காரத்தின் கரைசலும் வெங்காரத்தின் கரைசலும் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்க, சீனக்காரத்தின் கரைசலோ நீலத்தாளைச் சிவப்பாக்குகிறது. அதாவது பெயரில் காரமாக இருப்பது நடத்தையில் அமிலத்தன்மை காட்டுகிறது. வணிகச் சொல்லாகிய காரம், உறைத்துப் பிடிக்கும் தன்மையுள்ள எதையும் குறித்தது. வேதியியல் சொல்லாகிய காரமோ அமிலத்தை நடுநிலையாக்கும் பொருளை மட்டுமே குறித்தது. அடுக்களைச் சொல்லாகிய காரம் மிளகாயின் சுவையைக் குறிக்கிறது. வணிகப் பொருளையும் அடுக்களைப் பொருளையும் வீட்டிலிருந்தே சுமந்துகொண்டு வகுப்புக்கு வரும் மாணவனிடம், காரம் வழவழப்பானது, சிவப்பு லிட்மஸை நீலமாக்குவது என்று முதல்நாளே எழுதிப்போடும்போது, பழைய இரண்டு பொருள்களையும் அவன் எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. உப்பின் கரைசல் எப்போதும் நடுநிலையானது என்ற தவறான எண்ணம் பல மாணவர்களிடம் மேனிலை வகுப்பு வரை நீடிப்பதைப் பார்க்கும்போது, சீனக்காரத்தையும் அப்பளக்காரத்தையும் அருகருகே வைத்து இரண்டு லிட்மஸ் தாள்களை நனைத்துக் காட்டும் ஐந்து நிமிடப் பாடம், உப்பின் நீராற்பகுப்பு என்ற அத்தியாயத்தின் பாதியைச் சொல்லிவிடும் என்பது விளங்கும். அப்பளத் தொழிலுக்குப் பேர்போன மதுரையில் இந்தப் பாடத்துக்கான பொருள்கள் எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

மண்ணைப் பற்றிய அறிவில் பழைய வழக்கு இதைவிடத் துல்லியமாக இருந்தது. வைகைச் சமவெளியிலும் அதற்குத் தெற்கே விரியும் கரிசல் வெளியிலும் பயிர் ஏறாத திட்டுகளை உழவர்கள் உவர் என்றும் களர் என்றும் இரண்டாகப் பிரித்தே பேசினர். கோடையில் வெள்ளையாகப் பொரிந்து, நாவில் உப்புக் கரிப்பது உவர். ஈரத்தில் சேறாய் ஒட்டி, காய்ந்தால் கல்லாய் இறுகி, நீரை உள்ளே விடாதது களர். இன்றைய மண்ணியல், முன்னதைக் கரையும் உப்புகள் மிகுந்த நிலம் என்றும், பின்னதை மண்துகள்களில் சோடியம் ஏறிய நிலம் என்றும் வரையறுத்து, அதே இரண்டு தமிழ்ச் சொற்களையும் கலைச்சொற்களாக ஏற்றுக்கொண்டது. 1965-இல் மதுரையில் வேளாண்மைக் கல்லூரி தொடங்கிய பின்பு இப்பகுதி உழவர்க்குப் பரவிய அறிவுரைகளில் ஒன்று, களர்நிலத்துக்கு ஜிப்சம் இட வேண்டும் என்பது. ஜிப்சம் ஆகிய கால்சியம் சல்பேட்டிலுள்ள கால்சியம் மண்ணைப் பற்றியுள்ள சோடியத்தின் இடத்தைப் பிடிக்க, வெளியேறிய சோடியம், சோடியம் சல்பேட்டாக நீரோடு வடிகிறது. இரட்டை இடப்பெயர்ச்சி என்று வகுப்பறை கற்பிக்கும் வினை, வடிகால் வெட்டிய வயலில் ஏக்கர் கணக்கில் நடப்பது இவ்வாறுதான்.

பயிருக்கு ஆகாத அந்த மண் வேறு கைகளுக்குப் பயன்பட்டது. சலவைத் தொழிலாளர் உவர்மண்ணை அள்ளிவந்து நீரில் கரைத்து, தெளிந்ததில் துணியை முக்கி, வெள்ளாவியில் ஏற்றி, ஆவியில் அழுக்கு நீக்கினர். அம்மண்ணில் இருந்த சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் எண்ணெய்ப்பசையோடு சேர்ந்து சோப்பைப் போன்ற பொருளை உண்டாக்கியதே அதன் சூட்சுமம். சித்த மருத்துவர்கள் அதே வகை நிலத்தில் கோடைக்காலப் பௌர்ணமி ஒட்டிய நாள்களில் மண்ணைப் பிளந்து மேலெழும் வெண்பூப்பைப் பூநீறு என்று சேகரித்தனர். நிலவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டோ இல்லையோ, நிலத்தடி நீர் வெப்பத்தில் மேலேறி ஆவியாகும்போது தன்னோடு கொண்டுவந்த உப்பை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது என்பதும், அது மழைக்கு முன்பே அள்ளப்பட வேண்டும் என்பதும் உறுதி. பருவத்தைக் குறித்த அளவில் அம்மரபு பிழை செய்யவில்லை.

நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்ற சௌராஷ்டிர நெசவாளரும் சாயக்காரரும் உப்புகளைக் கையாண்ட விதம் தனியே பார்க்கத் தக்கது. பருத்தி நூல் சாயவேரின் சிவப்பைத் தானாக ஏற்பதில்லை. நூலை எண்ணெயும் உவர்நீரும் கலந்த பால்போன்ற கரைசலில் பலநாள் மாறிமாறி நனைத்துக் காயவைத்து, பின்பு படிகார நீரில் ஊறவைத்தால், படிகாரத்திலுள்ள அலுமினியம் இழையில் தங்கி, சாயப்பொருளைப் பற்றிக்கொள்ளும் கொக்கியாகிறது. நிறத்தை ஊன்ற வைப்பதால் இத்தகைய பொருளுக்கு நிறமூன்றி என்று பாடநூல் அழகாகப் பெயரிட்டது. சாயவேர்ச் சிவப்பின் உறுதிக்கு நீரிலுள்ள கால்சியமும் வேண்டும் என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. வைகை நீரில்தான் சிவப்பு நன்றாகப் பிடிக்கும் என்று சாயக்காரர் சொல்லிவந்ததில் உள்ளூர்ப் பெருமிதத்தோடு கொஞ்சம் வேதியியலும் கலந்திருக்கலாம். ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும், இங்கிலாந்தில் பெர்கினும் 1869-இல் அந்தச் சிவப்பின் சாயப்பொருளான அலிசரினைச் செயற்கையாக ஆக்கும் முறைக்கு உரிமை பெற்றதற்குப் பின்பு சாயவேர் படிப்படியாக மறைந்தது. ஆனால் வேர் போய்ப் பொடி வந்த பின்பும் அதைப் பற்றிக்கொள்ள அலுமினிய உப்பு தேவைப்பட்டது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடிச் சேலையின் முடிச்சும் புள்ளியும் பேசப்படுகிற அளவுக்கு, அந்தச் சிவப்பைத் துணியில் நிறுத்திய படிகாரம் பேசப்படுவதில்லை.

உப்பு எது என்ற கேள்விக்கு மூன்றாவதாக ஒரு விடையைச் சொன்னது அரசு. கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 1882-இல் மணங்கு ஒன்றுக்கு 2 ரூபாயாக இருந்த வரி 1888-இல் இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. கடலுப்புக்கு வரி விதித்த அரசு, வரியில்லாமல் மண்ணிலிருந்து கிடைத்த உப்பைப் பொறுத்துக்கொள்ளவில்லை. உவர்மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி உப்பெடுப்பதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த உப்பிலியர்கள் அத்தொழிலை இழந்து மண்வேலைக்கும் சாலைவேலைக்கும் போனதை, 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகள் பதிவு செய்கின்றன. இதில் வேதியியல் நுழைந்த இடம் சுவையானது. வெடியுப்பைச் சுத்திகரிக்கும்போது, மண்ணிலேயே கலந்திருந்த சோடியம் குளோரைடும் தனியே பிரிந்துவரும். வெந்நீரில் பொட்டாசியம் நைட்ரேட்டின் கரைதிறன் பலமடங்கு பெருக, சோடியம் குளோரைடின் கரைதிறன் ஏறக்குறைய மாறாமல் நிற்பதே இந்தப் பிரிவுக்கு அடிப்படை. அப்படிப் பிரிந்த உப்பு சோற்றில் விழுந்தால் அரசுக்கு வருவாய் இழப்பு என்பதால், வெடியுப்புக் காய்ச்சுபவரும் உப்பு இலாகாவின் உரிமத்துக்கும் கண்காணிப்புக்கும் உட்பட்டார். கரைதிறன் வளைகோடு என்று இன்று வரைபடத்தாளில் மாணவர் வரையும் கோட்டை அந்நாளைய உப்பு இலாகாச் சிப்பந்தி காவல் காத்தார் என்று சொன்னால் மிகையாகாது. 1930-இல் இராஜாஜி தலைமையில் வேதாரண்யம் சென்ற உப்புச் சத்தியாக்கிரகத்தில் மதுரை வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர் பங்கேற்று அடிபட்டதும், 1947-இல் உப்பு வரி நீங்கியதும் அனைவரும் அறிந்த செய்திகள்.

வேதியியலுக்குரிய விடை ஐரோப்பாவில் உருவானது. பிரெஞ்சு வேதியியலர் ரூவெல் 1754-இல், அமிலம் ஒன்று அதற்கு அடித்தளமாக அமையும் பொருளோடு சேர்ந்து விளைவதெல்லாம் உப்பு என்று வரையறுத்தபோது, சுவையும் கரைதிறனும் இலக்கணத்திலிருந்து விலக்கப்பட்டன. சுவையற்றதும் நீரில் கரையாததும்கூட உப்பாகலாம் என்றானது. 1787-இல் கைதன் தெ மோர்வோ, லவாய்சியர் முதலியோர் புதிய பெயரிடு முறையை வெளியிட்டு, ஒவ்வோர் உப்புக்கும் இருசொற் பெயர் தந்தனர்: ஒரு சொல் அமிலத்தின் வழி வந்தது, மற்றது உலோகத்தைக் காட்டுவது. பெயரே பிறப்புச் சான்றாக ஆகிவிட்ட அந்த மாற்றம் சாதாரணமானதன்று. மயில்துத்தம் என்ற பெயர் மயிற்கழுத்து நிறத்தைச் சொல்கிறது; தாமிர சல்பேட்டு என்ற பெயரோ தாமிரமும் கந்தக அமிலமும் அதன் பெற்றோர் என்று சொல்கிறது. முதற்பெயர் கண்ணுக்கு, இரண்டாம் பெயர் கணக்குக்கு. 1887-இல் அர்ரீனியஸ் அயனிக் கொள்கையை விரிவாக வெளியிட்ட பிறகு, அவ்விரு பெற்றோரும் நீரில் தனித்தனியே உலவும் நேர்மின் அயனியாகவும் எதிர்மின் அயனியாகவும் புது விளக்கம் பெற்றனர்.

இந்த வேதியியல் தமிழுக்கு வந்த வழி மதுரைக்கு அயலானதன்று. யாழ்ப்பாணத்தில் இயங்கிய அமெரிக்க இலங்கை மிஷனின் கிளையாகவே 1834-இல் மதுரை மிஷன் தொடங்கியது. யாழ்ப்பாணத்து மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, தம் மாணவர்கள் மொழிபெயர்த்த அறிவியல் நூல்களைப் பதிப்பித்தார். அவற்றுள் ஒன்றாகிய ‘கெமிஸ்தம்’ 1875-இல் நாகர்கோவிலில் அச்சானது. கலைச்சொல்லை முதலில் தமிழில் தேடி, கிடைக்காதபோது வடமொழியிலும், அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றியும் வழங்குவது கிறீனின் நெறி. நூலின் தலைப்பே மூன்றாம் வழியில் பிறந்தது. ஆனால் மதுரைப் பக்கத்தில் உயர்கல்வி ஆங்கிலத்திலேயே நடந்தது. 1881-இல் பசுமலையில் கல்லூரியாக வளர்ந்து பின்பு வைகையின் வடகரைக்கு வந்த அமெரிக்கன் கல்லூரியாயினும், நகரின் மற்ற கல்லூரிகளாயினும், உப்புகள் அங்கே ஆங்கிலப் பெயர்களோடுதான் கண்ணாடிக் குப்பிகளில் அமர்ந்தன.

பள்ளிகளில் அறிவியலைத் தாய்மொழியில் கற்பிக்கும் முறை 1930-களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளை எட்டியபோது, கலைச்சொல் தகராறு முன்னுக்கு வந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொல்லாக்கத்துக்கென்றே ஒரு சங்கமும் இதழும் நடத்திப் பார்த்திருந்தனர். பின்னர் சென்னையில் சொல்லாக்க மாநாடுகளும் குழுக்களும் தொடர்ந்தன. திராவகம் அமிலமானது, லவணம் உதிர்ந்து உப்பே நின்றது, படிவாகக் கீழிறங்குவது வீழ்படிவு என்றானது. ஹாலஜன் என்ற சொல்லின் மூலப்பொருள் உப்பைப் பிறப்பிப்பது என்பதை அறிந்து, உப்பை ஈனுவது என்ற பொருளில் உப்பீனி என்று ஆக்கியது இவ்வகையில் மிகச் சிறந்த சொல்லாக்கங்களுள் ஒன்று. அந்தச் சொல்லைப் புரிந்துகொண்ட மாணவனுக்குக் குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை ஏன் ஒரே தொகுதியில் நிற்கின்றன என்பதை விளக்க ஆசிரியர் அதிகம் பேச வேண்டியதில்லை. கடலுக்கு அப்பால் இலங்கைப் பாடநூல்கள் இதையே அலசன் என்று ஒலிபெயர்த்தன. 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அமைந்த பின்பு பள்ளிச் சொற்கள் ஓரளவு நிலைபெற்றன. 1978-இல் மேனிலைக் கல்வி வந்தபோது, அதுவரை கல்லூரிப் புகுமுக வகுப்பில் இருந்த உப்புப் பகுப்பாய்வு, ஆய்வகம் உள்ள பள்ளிகளுக்கு இறங்கி வந்தது.

கலைச்சொல் ஆக்கியோர் தீர்க்காமல் விட்ட சிக்கல் ஒன்று உண்டு. அமிலத்திலிருந்து உப்புக்குப் பெயர் வரும்போது ஈறு மட்டுமே மாறுகிறது. சல்பேட்டு, சல்பைட்டு, சல்பைடு ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு எதிர்மின் அயனிகள். முதலதில் கந்தக அணுவோடு நான்கு ஆக்சிஜன், இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் ஆக்சிஜனே இல்லை. ஆங்கிலத்தில் ஈறுகளின் ஒலி வேறுபட்டுத் தெளிவாக நிற்க, தமிழ் எழுத்தில் சல்பைட்டுக்கும் சல்பைடுக்கும் இடையே இருப்பது ஓர் ஒற்று. பின்வரிசையில் இருப்பவன் காதில் அது விழுவதில்லை. நுண்ணிய வேறுபாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு மதுரைக்குத் தெற்கே சிவகாசி சான்று. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து வளர்ந்த அந்த ஊரில், பொட்டாசியம் குளோரேட்டு தீக்குச்சி முனையில் ஆக்சிஜன் தரும் பொருள். பெட்டியின் பக்கவாட்டிலுள்ள சிவப்புப் பாஸ்பரஸோடு உரசினால் தீ. பொட்டாசியம் குளோரைடோ உழவர் வயலில் தூவும் பொட்டாஷ் உரம். எவ்வளவு உரசினாலும் ஒன்றும் நடக்காது. இரு பெயர்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஓர் ஈறு. இரு பொருள்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு விபத்து. உப்பின் பெயரைப் பிரித்து வாசிக்கப் பழகுவதே உப்புகள் என்ற பாடத்தின் முதல் படி என்பதை இதைவிட உரக்கச் சொல்லும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இரண்டாம் படி ஆய்வகம். ஜெர்மானியர் பிரெசீனியஸ் 1841-இல் வெளியிட்ட பண்பறி பகுப்பாய்வு நூல், உலோக அயனிகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்படிவாக்கிப் பிரிக்கும் தொகுதி முறையை நிலைநிறுத்தியது. 1937-இல் வந்த வோகலின் நூல் வழியாக அம்முறை இந்தியக் கல்லூரிகளில் வேரூன்றியது. மாணவர் பேச்சில் இதற்குச் சால்ட் அனாலிசிஸ் என்பதே பெயர். முனை மடித்த காகிதப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை உப்பு தரப்படும். அதில் ஒளிந்துள்ள நேர்மின் அயனியையும் எதிர்மின் அயனியையும் இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து, சோதனை, காண்பன, அறிவன என மூன்று பத்தியில் எழுத வேண்டும். நீர்த்த அமிலத்தை விட்டதும் நுரைத்துப் பொங்கி, வெளிவரும் வாயு சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போலாக்கினால் கார்பனேட்டு. சோடியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் கோலின் முனையில் வெண்புகை அடர்ந்தால் அம்மோனியம். வெள்ளி நைட்ரேட்டு சேர்த்ததும் தயிர்போன்ற வெண்மை திரண்டு, அம்மோனியா நீரில் கரைந்தால் குளோரைடு. கிப் உபகரணத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தக் கரிய வீழ்படிவு தந்து, வேறொரு பகுதியில் அம்மோனியாவை மிகுதியாக விட ஆழ்ந்த நீலமாக மாறினால் தாமிரம். இச்சோதனைகள் எல்லாவற்றிலும் கண்ணுக்கு விருந்தாவது ஈயம்: அதன் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட மஞ்சள் வீழ்படிவு உண்டாகும், அதை நீரோடு கொதிக்க வைத்தால் நிறமின்றிக் கரைந்துவிடும், குழாயைக் குழாய்நீரில் பிடித்துக் குளிர்விக்க, தங்கத் துகள்கள் மின்னிமின்னி இறங்கும். அதை ஒருமுறை பார்த்தவர் கரைதிறன் வெப்பத்தோடு மாறும் என்பதைப் பிறகு மறப்பதில்லை.

சுடர்ச்சோதனைக்கு இச்சமவெளியில் தனிப்பொருள் உண்டு. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குழைத்த உப்பைச் சுடரில் காட்ட, செங்கல் சிவப்பு கால்சியத்தையும், இரத்தச் சிவப்பு ஸ்ட்ரான்சியத்தையும், ஆப்பிள் பச்சை பேரியத்தையும், விடாப்பிடியான மஞ்சள் சோடியத்தையும் காட்டும். சிவகாசியில் தயாராகும் மத்தாப்பும் வாணமும் வானில் காட்டுவது இதே நிறங்களை, காரணமும் ஒன்றே. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தபோது, ஆய்வகப் பதிவேட்டில் ஒரு வரியாக இருந்த பேரியம், ஓர் ஊரின் பிழைப்பாக நாளிதழ்களின் முதல்பக்கத்துக்கு வந்தது. பசுமைப் பட்டாசு பற்றிய விவாதத்தைப் புரிந்துகொள்ளச் சுடர்ச்சோதனையைச் சரியாகச் செய்த ஒரு மாணவனுக்கு வேறு ஆசான் வேண்டியதில்லை.

இவ்வளவு வளமான பகுப்பாய்வு, தேர்வு முறையில் தேய்ந்துபோனது என்பதையும் சொல்லியாக வேண்டும். பொட்டலத்தைப் பிரித்ததும் நிறத்தைப் பார்த்தே உப்பை ஊகித்து, அதற்குரிய செய்முறையை ஒப்பித்து எழுதுவது மாணவரிடையே பரவிய வித்தை. நீலம் என்றால் தாமிரம், இளம்பச்சை என்றால் இரும்பு, வெள்ளை என்றால்தான் உண்மையில் சோதிக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். நிறத்தைக் கண்டு பெயரிட்ட பழைய மயில்துத்தக் காலத்துக்கே இது திரும்பிப் போவது. வேறுபாடு என்னவென்றால், நாட்டுமருந்துக் கடைக்காரர் அந்த ஊகத்துக்கு மதிப்பெண் கேட்பதில்லை. ஊகத்தை முற்றாக விலக்கத் தேவையில்லை. ஊகித்ததை இரண்டு தனித்தனிச் சோதனைகள் உறுதிப்படுத்தும்வரை அது விடையாகாது என்ற ஒழுக்கமே பகுப்பாய்வு தரும் கல்வி. வெள்ளைப் பொடி ஒன்று கரையாமல் நின்றால் அது தோல்வியன்று, அதுவே ஒரு சான்று. எந்த எதிர்மின் அயனியின் உப்புகள் கரைவதில்லை என்ற அட்டவணையை நினைவுபடுத்தும் சான்று. கரைதிறன் விதிகளை அட்டவணையாக மனப்பாடம் செய்த மாணவனைவிட, கரையாத உப்போடு அரைமணி நேரம் போராடிய மாணவனுக்கே அவ்விதிகள் கைவசமாகின்றன.

நடுநிலையாக்கலை வாய்பாடாக எழுதச் செய்வதோடு பல வகுப்புகளில் பாடம் முடிந்துவிடுகிறது. மதுரைப் பள்ளியொன்றின் வேதியியல் மேசையில் கறியுப்பு, அப்பளக்காரம், படிகாரம், மயில்துத்தம், பேதியுப்பு, நவச்சாரம் ஆகிய ஆறையும் கடையிலிருந்து வாங்கி வைக்க அதிகப் பணம் ஆகாது. அவற்றின் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே அட்டையில் எழுதி, நீரில் கரைத்து லிட்மஸ் தாளிட்டு, சுடரில் காட்டி, பேரியம் குளோரைடு கரைசலில் எவை வெண்மை தருகின்றன என்று பார்த்தால், இயல்பு உப்பு, இரட்டை உப்பு, நீரேறிய உப்பு, நீராற்பகுப்பு ஆகிய நான்கு தலைப்புகளும் ஒரு பிற்பகலில் கைக்குள் வந்துவிடும். ஆனால் அந்த மேசையில் ஒரு விதி மாறக்கூடாது: அழகர்மலை வாணிகனின் காலத்திலிருந்து உப்புக்கு நீதிபதியாக இருந்த நாவுக்கு அங்கே இடமில்லை. ஆய்வக அலமாரியில் அருகிலேயே நிற்கும் ஈய அசிட்டேட்டும் ஓர் உப்புதான். அது இனிக்கும், அது நஞ்சு.